விருந்தாளிகளின் அடுப்பு

செவக்காட்டூர் பேரூராட்சித் தேர்தலுக்கு முந்தின மாதம், மண்மக்கள் பேரவையின் கூட்டம் முடிந்து ஊர் தூங்கி எழுந்த காலையில், மேட்டுத்தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு பற்றவில்லை. காஸ் அடுப்புக்காரர்கள் லைட்டரை அழுத்தி அழுத்திப் பெருவிரல் சிவந்தார்கள், விறகடுப்புக்காரர்கள் ஊதி ஊதிக் கண் சிவந்தார்கள், கரண்ட் அடுப்பு வைத்திருந்த வாத்தியார் வீட்டில் விளக்கு மட்டும் எரிந்தது, மேலே வைத்த தண்ணீர் குளத்துத் தண்ணீர்போலக் குளிர்ந்தே கிடந்தது. துடைப்பத்தை எடுத்தால் கையை விட்டு நழுவியது. நடுவீட்டு நாற்காலிகள் மட்டும் யாரோ தூசி தட்டிவைத்த மாதிரி பளிச்சென்று இருந்தன. அவரவர் வீடே அவரவரை, நீங்கள் சும்மா உட்காருங்கள், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று உபசரிக்கிற மாதிரி இருந்தது. பசியோடு எவ்வளவு நேரம்தான் உபசாரத்தில் உட்கார்ந்திருக்க முடியும்?

காஸ் கம்பெனி ஆள் வந்து குழாயை முகர்ந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போனான். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பார்சல் வாங்கி வந்தவர்களுக்கு, தெருமுக்கு திரும்பும்போதே இட்லி ஆறி விறைத்தது. கடைசியில், கடன் கொடுத்த உரலைத் திருப்பி வாங்க, பூர்வீக ஊர்க்காரர்கள் இருக்கிற கீழத்தெருவிலிருந்து வந்த ஒருத்தி, என்னடி புதுக்கூத்து என்று சும்மா ஒரு குச்சியைக் கிழித்து வைத்தாள். குப்பென்று பற்றிக்கொண்டது. அவள் நகர்ந்தபிறகும் எரிந்தது, சோறு வெந்தது. அணைத்துவிட்டு மத்தியானத்துக்கு வீட்டுக்காரி மறுபடி மூட்டினாள். எரியவில்லை.

மேட்டுத்தெருக்காரர்கள் யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். மலையடிவாரத்தில் அணை கட்டினபோது தண்ணீருக்குள் போன கிராமங்களின் சனம். தட்டுமுட்டுச் சாமானோடும் குலசாமிக் கல்லோடும் வந்து ஊரின் மேட்டுப் பக்கத்தில் குடியேறினார்கள். அப்போது இடுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறது. ஊரோடு வியாபாரம் செய்தார்கள், ஊர்க்கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுத்தார்கள், பெண் கொண்டும் கொடுத்தும் ஆயிற்று. ஒன்றுதான் கிடைக்கவில்லை. பெரியகுளத்துத் தண்ணீர் முறையில் அவர்களுக்கென்று ஒரு நாள் கிடையாது. எல்லோரும் பாய்ச்சி முடித்தபிறகு மடையில் கசிவது அவர்களுக்கு. இந்தத் தேர்தலில் அந்த ஒரு நாளைக் கேட்டு அவர்களும் ஓர் ஆளை நிறுத்தினார்கள்.

பேரவையின் வேட்பாளர் அரிசி ஆலை வெயிலுகந்தானுக்கு அது பிடிக்கவில்லை. குளத்துக்குக் கீழே அவருக்குத்தான் வயல் அதிகம். அவருடைய ஆட்கள் முதலில் ‘வந்தேறி’ என்று சுவரில் எழுதிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. சம்பந்தம் செய்த வீட்டைப் பார்த்து அப்படிச் சொல்ல ஊருக்கு நாக்கு கூசியது, இரண்டு இடத்தில் பேரவைக்காரர்களே சாணியைக் கரைத்து அதை அழித்தார்கள். அப்போதுதான் குற்றாலலிங்கத்தை அழைத்தார்கள்.

குற்றாலலிங்கம் பேரவையின் பேச்சாளர், உள்ளூர்க்காரர். அவர் மேடையேறினால் கடலை விற்கிறவன்கூடக் கூவுவதை நிறுத்திவிடுவான். வசவு வார்த்தை எதையும் அவர் தொட மாட்டார். கசப்பாகச் சொன்னால் சனம் துப்பிவிடும், இனிப்பாகச் சொன்னால் முழுங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். அவர் தேடினது வீட்டுக்குள்ளே புழங்குகிற, யாரும் மறுக்க முடியாத, கேட்டதும் மனசு இளகுகிற ஒரு சொல். அது அவருக்குக் கிடைத்தது. அன்றைக்கு மேடையில் இப்படித்தான் பேசினார்:

“விருந்தாளியை விரட்டுகிறவனா தமிழன்? தலைவாழை இலை போட்டுத் தன் பங்கையும் சேர்த்துப் பரிமாறுகிறவன் அல்லவா! மேட்டுத்தெரு மக்கள் நம் விருந்தாளிகள். நன்றாக உண்ணட்டும், நன்றாக உறங்கட்டும். ஆனால் தாய்மாரே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். விருந்துக்கு வந்தவர் உங்கள் அடுக்களைக்குள் நுழைந்து பானையைத் திறந்து பார்த்தால், உங்கள் மனம் என்ன பாடுபடும்?”

அவ்வளவுதான். குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தண்ணீர் முறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூட்டத்திலிருந்த ஒவ்வொரு பெண்ணும் தன் அடுக்களையை நினைத்துக்கொண்டாள், ஒவ்வோர் ஆணும் தன் வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஊர் ஒரு வீடாகிவிட்டது. வீடு என்று ஆகிவிட்டால் அதில் சொந்தக்காரன் ஒருவன், வந்துபோகிறவன் ஒருவன் என்று தானாகவே பிரிந்துவிடும். கலைந்து போகும்போது எல்லோரும் அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றுகொண்டே போனார்கள். பொல்லாத சொல்லாக இருந்தால் உறுத்தியிருக்கும். இது நல்ல சொல், அதனால் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மறுநாள் விடிந்ததும் குற்றாலலிங்கம் காப்பிக்குக் காத்திருந்தார். அடுக்களையில் லைட்டர் சத்தம் டிக் டிக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தார். அவர் மனைவி செண்பகவடிவு அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“எரிய மாட்டேங்கு” என்றாள்.

அவர் லைட்டரை வாங்கி ஒருதரம் அழுத்தினார், எரிந்தது. பால் காய்ந்தது. வடிவு மேட்டுத்தெருவில் பிறந்தவள். அதை அவர் மறந்துபோனார் என்று சொன்னால் நம்ப முடியாது, மறக்கவில்லை என்று சொன்னால் அவர் மனிதரே இல்லை என்றாகிவிடும். கல்யாணம் ஆன புதிதில் மறுவீட்டு விருந்துக்கு மாமனார் வீட்டில் ஆடு அடித்துக் காத்திருந்தபோதுகூடக் கட்சிக் கூட்டம் என்று போகாமல் இருந்தவர், அதற்குப் பிறகும் அந்தத் தெருவில் கை நனைத்ததில்லை. அந்தத் தெரு அவருக்குத் தூரத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் அந்தத் தெருதான் என்று தோன்றவில்லை. வடிவு காப்பியை ஆற்றிக் கையில் கொடுத்தாள். ராத்திரி மைக்கில் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஊர் இந்த அதிசயத்தைச் சீக்கிரமே பழக்கிக்கொண்டது, மழை பெய்தால் குடை எடுப்பதைப்போல. காலையில் கீழத்தெருப் பெண்கள் மேட்டுத்தெருவுக்கு ‘அடுப்பு மூட்டப் போகிற’ வழக்கம் வந்தது. முதல் சில நாள் நல்ல சேலை கட்டி, பூ வைத்துப் போனார்கள். மூட்டிவிட்டு வாசலில் நின்று, எங்களால் முடிந்தது என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பிரகாசம் இருந்தது. பேரவை இதைப் பார்த்துவிட்டு விருந்தோம்பல் அணி என்று ஒன்றைத் தொடங்கி மஞ்சள் துண்டு கொடுத்தது. வெயிலுகந்தான் ஒரு வீட்டில் தீக்குச்சி கிழிக்கிற படம் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. பக்கத்தில் கைகூப்பி நிற்கிற வீட்டுக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? அவள் உலையில் அரிசி கிடந்தது.

பிறகு நேரம் தள்ளிப்போக ஆரம்பித்தது. என் வீட்டு வேலையை முடிக்க வேண்டாமா என்றாள் ஒருத்தி. நான்தான் தினம் வர வேண்டுமா என்றாள் இன்னொருத்தி. இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பது முதலில் அன்பாக இருந்தது, அப்புறம் விசாரணையாக ஆனது. கருவாடு என்றால் வெள்ளிக்கிழமை மூட்ட மாட்டேன் என்றார்கள், வெந்நீர் வைக்க வேண்டும் என்றால் இந்த வெயிலில் உனக்கு வெந்நீர் கேட்கிறதா என்றார்கள். மேட்டுத்தெருவில் சிரிப்பு ஒரு வேலையாகிப்போனது. பிள்ளைகளுக்குக்கூட, மஞ்சள் துண்டைப் பார்த்தால் எழுந்து நின்று வாங்க என்று சொல்லப் பழக்கினார்கள். தேர்தல் அன்று விடிகாலையில் அணியில் ஒருத்தரும் வரவில்லை, எல்லோருக்கும் வாக்குச்சாவடியில் வேலை. பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஓட்டுப் போடப் போனவர்கள் கொஞ்சம். அவர்களையும் வரிசையில், விருந்தாளிகளுக்கு எதற்கு இந்த அலைச்சல் என்று அன்பாகவே கேட்டார்கள். பாதிப்பேர் திரும்பிவிட்டார்கள். வெயிலுகந்தான் ஜெயித்தார். தண்ணீர் முறைப் பேச்சு அத்தோடு நின்றது. அடுப்பு மூட்டுகிற அணியும் அதற்குப் பிறகு நினைத்த நாளில்தான் வந்தது.

குற்றாலலிங்கத்தின் பெயர் பரவியது. பக்கத்து ஊர்களிலும் இதே சொல்லைப் பேசக் கூப்பிட்டார்கள். காலையில் அவர் அடுப்பை மூட்டிக் கொடுத்துவிட்டுப் புறப்படுவார், வடிவு மூன்று வேளைக்கும் அப்போதே பொங்கி இறக்கிவிடுவாள். ஒருநாள் அவசரத்தில் மூட்டாமல் போய்விட்டார். சாயங்காலம் வந்தபோது அவள் நடுவீட்டு நாற்காலியின் நுனியில், இரண்டு கையையும் மடியில் கோத்து, தெரியாத வீட்டுக்கு வந்தவள் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தால் மூட்டித் தந்திருப்பார்களே என்றார்.

“என் வீட்டு அடுப்புக்கு நான் யார்கிட்டயும் போய் நிக்கமாட்டேன்” என்றாள் வடிவு. “இந்த வீட்டுக்கு வந்து மகளைப் பெத்து, வளர்த்து, கட்டிக் கொடுத்தும் ஆச்சு. ஒரு ராத்திரியில என்னை வந்தவளா ஆக்கிட்டீங்க. உங்களுக்குத் தெரியலன்னு நெனச்சேன். தெரிஞ்சும் நாலு ஊர்ல போய் அதையே சொல்லுதீங்க.”

அவள் சத்தம் போடவில்லை. இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு மேட்டுத்தெருவில் தம்பி வேலாண்டி வீட்டுக்குப் போனாள். அங்கேயும் அடுப்பு எரியாது, ஆனால் அங்கே பட்டினியில் துணை இருந்தது.

அடுத்த கூட்டத்தில் குற்றாலலிங்கம் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கப் பார்த்தார். மேட்டுத்தெரு மக்கள் விருந்தாளிகள் அல்லர், நம் உடன்பிறப்புகள், நம் ரத்தம் என்று தொண்டை நரம்பு புடைக்கப் பேசினார். கைதட்டல் காதைப் பிளந்தது. நம்ம விருந்தாளிகள்மேல் இவருக்கு எவ்வளவு பாசம் பார் என்று பேசிக்கொண்டே போனார்கள். மறுநாளும் மேட்டுத்தெருவில் அடுப்பு பற்றவில்லை. வெயிலுகந்தான் அவர் தோளில் கைபோட்டு, “அந்தச் சொல்லு இப்ப உம்மது இல்ல வேய், ஊரோடது. விட்டிரும்” என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மினிபஸ் டிரைவர் சொரிமுத்துவுக்கு மேட்டுத்தெருவில் வண்டி நின்றுபோனது. அவர் கீழத்தெரு ஆள், சர்க்கரை வியாதிக்காரர். உச்சிவெயிலில் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கை கால் நடுங்கிக் கண் இருட்டியது. எதிரே இருந்த வீட்டு வாசலைப் பிடித்துக்கொண்டு, தாயி, பசி உயிர் போகுது, ஒரு வாய் சோறு கொடு என்று கேட்டார். வீட்டுக்காரி பதற்றத்தில் தன் அடுப்பு எரியாது என்பதையே மறந்து குச்சியைக் கிழித்தாள். எரிந்தது. அவர் சாப்பிட்டு எழுந்து போன பிறகும், மறுநாளும், அதற்கு மறுநாளும் அவள் கைக்கே அவள் அடுப்பு எரிந்தது.

சேதி சொரிமுத்துவின் வண்டிக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. விஷயம் பச்சைப்பிள்ளைக்கும் புரிந்தது: ஊரிலிருந்து ஒருவர் வந்து, பசித்து, வாய்விட்டுக் கேட்டு உண்டால், அந்த வீட்டுக்காரி வீட்டுக்காரி ஆகிவிடுவாள். எவ்வளவு சுலபம்! ஒருவரும் போகவில்லை. மேட்டுத்தெருக்காரர்கள் வாசலில் நின்று சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். இப்பத்தான் சாப்பிட்டேன் என்று வயிற்றைத் தடவிக் காட்டிவிட்டுப் போனார்கள். அடுப்பு மூட்டப் போவது கௌரவம். அங்கே நம் கை மேலே இருக்கும். சோறு கேட்டு நிற்பதென்றால்? அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியவர்கள் பையில் பிஸ்கட் பாக்கெட் வைத்துக்கொண்டார்கள், தப்பித்தவறிப் பசித்துவிடக் கூடாதே என்று. இந்த ஊரில்தான் நானும் குடியிருக்கிறேன். என்ன சொல்ல?

குற்றாலலிங்கம் ஒருநாள் காலையில் எதுவும் சாப்பிடாமல் மேட்டுத்தெருவுக்கு நடந்தார். வெள்ளை வேட்டி, கரைத்துண்டு, மேடைக்குப் போகிற அதே அலங்காரம். அவருக்கு வேறு உடுப்பு இல்லை. அவரைப் பார்த்ததும் தெரு வாசலுக்கு வந்தது. மச்சினன் வேலாண்டி எழுந்து நின்றார். வடிவு அடுக்களை வாசலில், கையில் களைந்த அரிசிப் பானையோடு நின்றாள். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அடுப்பின் மேல் கண் வைத்தபடியே இருந்தாள்.

அவர் வாயைத் திறந்தார். பேச்சு வந்தது. மடை திறந்தாற்போல வந்தது. என் நாவு செய்த பிழைக்கு நாணித் தலைகுனிந்து, அன்னமிட்ட கைகளின் முன் ஓர் ஏழையாய், ஒரு குற்றவாளியாய், என்று ஏறி இறங்கி உருகியது. கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது. தெருக்கோடியில் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் கை தட்டிவிட்டார்கள். வடிவு குச்சியைக் கிழித்தாள். எரியவில்லை. அவர் இன்னும் நல்ல சொற்களைத் தேடிப் பேசினார். இன்னொரு குச்சியும் புகைந்து போனது.

“போதும்” என்றாள் வடிவு. “கைதட்டு வாங்கிட்டீங்கள்ல, கிளம்புங்க.”

அவர் கிளம்பவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. கரைத்துண்டு வேர்வையில் நனைந்து தோளில் ஒட்டியது. கீழத்தெருவிலிருந்து சைக்கிளில் வந்த தெரிந்த முகம் ஒன்று, அண்ணாச்சி இங்கென்ன உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டது. அதற்குப் பதில் சொல்ல ஆயிரம் சொல் அவரிடம் இருந்தது, ஒன்றையும் எடுக்க வெட்கமாக இருந்தது. தான் இத்தனை வருஷம் பேசின பேச்சில் தனக்கு உண்மையிலேயே வேண்டும் என்று கேட்டது ஒன்றாவது உண்டா என்று யோசித்தார். பசி ஏறியது. காது அடைத்தது. இந்தத் தெரு எத்தனை நாளாக இப்படிக் காது அடைத்துக் கிடந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தலையைத் தூக்காமல் சொன்னார்.

“வடிவு, பசிக்குது. சோறு போடு.”

உள்ளே குச்சி கிழிக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது. உலை கொதித்தது. வேலாண்டி இலை அறுத்து வந்து நடுவீட்டில் போட்டார். வடிவு சுடச்சுடச் சோறு போட்டு, பருப்பை ஊற்றி, ஒரு சொல் குத்திக்காட்டாமல், மருமகனுக்குப் போட வேண்டிய முறைப்படி இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் போட்டாள். அவர் போதும் என்று கையை நீட்டி மறைத்தபோதும், சும்மா சாப்பிடுங்க என்று கையை விலக்கிப் போட்டாள். திட்டியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். இலையைப் பார்த்தபடியே அத்தனையையும் தின்றார்.

கை கழுவினதும், இனி வீட்டுக்கு வா என்று கூப்பிட்டார். வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கொட்டாங்கச்சியோடு நெருப்பு வாங்க நின்றிருந்தார்கள். வாங்கிப் போன நெருப்பு அவரவர் நிலைப்படியில் அணைந்துபோயிற்று. வடிவு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் தம்பி வீட்டு அடுப்பு எரிஞ்சிட்டு. மத்தது?” என்றாள். “தெரு முழுக்க எரியட்டும். அதுக்கப்புறம் வந்து கூப்பிடுங்க. வாறதா வேண்டாமான்னு அப்ப சொல்லுதேன்.”

குற்றாலலிங்கம் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனார். அது ஆவுடைத்தங்கத்தின் வீடு. இப்போது சொல் சுலபமாக வந்தது. தாயி, பசிக்குது, சோறு போடு என்றார். ஆவுடைத்தங்கம் ஆசையோடு ஓடிப்போய்க் குச்சியைக் கிழித்தாள். எரியவில்லை. மறுபடி கேட்டார், குரலை இறக்கிக் கேட்டார், கைகூப்பிக் கேட்டார். எரியவில்லை. அடக்கப் பார்த்தும் ஏப்பம் ஒன்று வெளியே வந்துவிட்டது. தெரு அதைக் கேட்டது. அவருக்கு இப்போது பசி இல்லை.

ஒரு வீட்டுக்கு ஒரு பசி வேண்டும். தெருவோ நீளமாகக் கிடந்தது. ஊருக்குள்ளிருந்து இன்னொருவர் வருகிறாரா என்று தெருமுக்கைப் பார்த்தார். யாரும் வரவில்லை. இனி இங்கேயே உட்கார்ந்து பசிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று தெரிந்தது.

ஆவுடைத்தங்கம் ஒரு கோரைப்பாயைக் கொண்டுவந்து நிழலில் விரித்தாள். குடிக்கத் தண்ணீர் வைத்தாள். வீட்டுக்குள் அவள் பேத்தி சூடான பால் கேட்டு அழுதுகொண்டிருந்தது. யாரோ அதன் வாயைப் பொத்துவது கேட்டது.

“உக்காருங்கய்யா, அவசரமில்ல. நல்லாப் பசிச்ச பொறவு சொல்லுங்க” என்றாள். “நாங்க இருந்துக்கிடுவோம்.”

அவர் உட்கார்ந்தார். உள்ளே அழுகை நிற்கவில்லை. குற்றாலலிங்கம் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அது நிறைந்திருந்தது.